கூன்வண்டை அளந்து இனம் பிரிப்பது எப்படி? நெல்லைச் சீமையின் அரிசி, மக்காச்சோளம், வாழை வண்டுகளை வைத்து ஒரு முழு வழிகாட்டி

அம்பாசமுத்திரத்து அரிசிச் சாக்கில் பிடித்த கூன்வண்டு, அதாவது நீண்ட மூக்கு வண்டு, 2.5 மி.மீ. இருக்கிறது, மானூர்ப் பக்கத்து மக்காச்சோளக் குவியலில் பிடித்தது 3.2 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னது அரிசி வண்டு, பின்னது மக்காச்சோள வண்டு என்று குறிப்பேட்டில் எழுதிவிடக் கை துறுதுறுக்கும். எழுதிவிடாதீர்கள். இந்த வண்டின் குஞ்சுப் பருவம் முழுவதும் ஒரே ஒரு தானியத்துக்குள்தான் கழிகிறது. சின்ன மணிக்குள் வளர்ந்தது சின்ன வண்டாகவும், பெரிய மணிக்குள் வளர்ந்தது பெரிய வண்டாகவும் வெளியே வரும். ஆகவே மேலே உள்ள இரண்டும் ஒரே இனமாகவே இருக்கலாம். நீங்கள் அளந்தது வண்டையா, அது தின்ற மணியையா என்ற கேள்வி கடைசி வரை கூடவே வரும். கீழே உள்ள வேலைகளில் பாதி அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதற்குத்தான்.

இதில் பெரியவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். 1944-இல் ஆஸ்திரேலியாவில் பெர்ச் என்ற ஆய்வாளர் அரிசி வண்டில் 'சிறு வகை', 'பெரு வகை' என இரண்டு இருப்பதைக் காட்டினார். அவை உணவால் வந்த வேறுபாடல்ல, தனித்தனி இனங்களே என்பது பிறகு நிலைபெற்றது. எதற்கு எந்தப் பெயர் என்ற குழப்பம் 1961-இல்தான் தீர்ந்தது. சிறியது சைட்டோபிலஸ் ஒரைசே, அதாவது அரிசி வண்டு. பெரியது சைட்டோபிலஸ் சியாமைஸ், அதாவது மக்காச்சோள வண்டு. அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது உடல் நீளம் அல்ல, இனப்பெருக்க உறுப்பின் வடிவம்.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

'இது எந்த இனம்?' என்பது ஒரு கேள்வி. 'ஒரே இனத்தில் களக்காட்டுக் கூட்டமும் சேரன்மகாதேவிக் கூட்டமும் வேறுபடுகின்றனவா?' என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு அளவு துணைச் சாட்சிதான். உறுதியான அடையாளம் ஒன்று வேறெங்காவது இருக்கும், அதைக் கண்டுவிட்டால் பத்து வண்டிலேயே வேலை முடியும். இரண்டாவதற்கு அளவுதான் முதல் சாட்சி. நூற்றுக்கணக்கில் வண்டு வேண்டும், கணக்கும் வேண்டும். இரண்டையும் கலந்து தொடங்கினால் இரண்டும் கிடைக்காது.

நெல்லைச் சீமையில் எளிதாகக் கைக்குக் கிடைப்பவை இவை: அரிசியிலும் நெல்லிலும் அரிசி வண்டு, மக்காச்சோளத்தில் அதுவும் மக்காச்சோள வண்டும் கலந்து, புளியங்கொட்டையில் அதே பேரினத்தைச் சேர்ந்த சைட்டோபிலஸ் லினியாரிஸ், வாழையில் தண்டுக் கூன்வண்டும் கிழங்குக் கூன்வண்டும், தென்னையில் சிவப்புக் கூன்வண்டு. மூக்கு நீளாத சிவப்பு மாவு வண்டும், உருளை போன்ற நெல் துளைப்பானும் இவற்றோடு கலந்து வரும். அவற்றைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். புளியிலும் பயறிலும் ஓட்டை போடும் பயறு வண்டு வகைகளுக்கும் நீண்ட மூக்கு கிடையாது. அவை வேறு கூட்டம்.

சேகரிப்பு

தானிய வண்டுக்கு 2 மி.மீ. கண் உள்ள சல்லடை போதும். அரிசியைச் சலித்தால் வண்டும் தவிடும் கீழே விழும். மக்காச்சோளத்தை இரண்டு முறை சலிக்க வேண்டும். சுளகில் புடைத்துப் பிடிக்கலாம்தான், ஆனால் லேசான சிறு வண்டுகள் தூசியோடு பறந்துபோய்ப் பெரியவை மட்டும் தங்கும். அளவெடுப்புக்கு அது ஆகாது. சாக்கின் மேல் வாயில் மட்டும் எடுக்காமல் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் தலா அரைக் கிலோ எடுங்கள். குலுக்கையில் வைத்த நெல்லானால் அடி ஓட்டையிலும் மேல் வாயிலும் தனித்தனியாக எடுங்கள்.

எந்த நெல் என்பதை விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அம்பை 16 குட்டையான பருமணி, ஆடுதுறை 45 அதைவிட ஒல்லியான மணி. இரண்டிலும் ஒரே வண்டைவிட்டால்கூட அடுத்த தலைமுறையின் அளவு மாறக்கூடும். கார் அறுவடையா, பிசான அறுவடையா, எத்தனை மாதம் இருப்பில் கிடந்தது என்பதும் வேண்டும். இருப்பு நீள நீள ஒரே மணியில் நெருக்கடி கூடி வண்டு சிறுக்கும்.

வாழைக்கு, அறுவடை முடிந்த மரத்தின் தண்டை ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. துண்டாக வெட்டி நீளவாக்கில் பிளந்து, வெட்டு முகம் மண்ணில் படும்படி கவிழ்த்துவைப்பது வழக்கமான பொறி. மாலையில் வைத்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் பாருங்கள். தண்டுக் கூன்வண்டும் கிழங்குக் கூன்வண்டும் ஒரே துண்டுக்கு அடியில் பதுங்கியிருக்கும். எதில் பிடித்தோம் என்பதை வைத்து இனம் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். கிழங்குக் கூன்வண்டுக்கான கவர்ச்சிப் பொறியில் (மணத்தால் வண்டை இழுப்பது) விழுந்தவற்றையும் தண்டுப் பொறியில் விழுந்தவற்றையும் ஒரே குப்பியில் கலக்காதீர்கள். பொறி மாறினால் விழும் ஆண் பெண் விகிதம் மாறும். தென்னைச் சிவப்புக் கூன்வண்டின் கவர்ச்சிப் பொறியில் பெண்களே அதிகம் விழும் என்பது தெரிந்ததே.

இப்போது எண்ணிக்கை. தானிய வண்டில் இடத்துக்கு 30 ஆண், 30 பெண். வாழை வண்டில் கூட்டங்களை ஒப்பிடுவதானால் ஒவ்வொரு ஊரிலும் ஒரே தோட்டத்தில் அறுபது பிடிப்பது வீண். களக்காட்டில் ஒரு தோட்டம், சேரன்மகாதேவியில் ஒரு தோட்டம் என்று எடுத்தால், வரும் வேறுபாடு ஊருடையதா, அந்தத் தோட்டத்து உரத்தாலும் ரகத்தாலும் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. ஊருக்கு நான்கு தோட்டம், தோட்டத்துக்கு 10 ஆண், 10 பெண். மூன்று ஊரானால் 240 வண்டு. கணக்கில் உண்மையான அலகு தோட்டம்தான், வண்டு அல்ல. அத்தனை தோட்டத்திலும் ஒரே ரகம் இருக்கட்டும். ஏத்தன் என்றால் எல்லாம் ஏத்தன், கற்பூரவள்ளி என்றால் எல்லாம் கற்பூரவள்ளி. கன்று எங்கிருந்து வந்தது என்பதையும் தோட்டக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடவுக் கன்றோடு கிழங்குக் கூன்வண்டும் ஊர் விட்டு ஊர் போகும். களக்காட்டுக் கன்று நட்ட தோட்டத்தில் பிடித்த வண்டை 'சேரன்மகாதேவிக் கூட்டம்' என்று பெயரிட்டால் ஒப்பீடே குலைந்துபோகும்.

கொல்வதும் பாதுகாப்பதும்

குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் ஒரு நாள் வைத்தால் போதும். உயிரோடு ஸ்பிரிட்டில் போட்டால் கால்களை இறுக்கி, மூக்கை மார்போடு மடக்கிக்கொண்டு சாகும். பிறகு நிமிர்த்தப் போனால் ஒடியும். உறைந்து செத்ததைக் கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீரில் சில நிமிடம் ஊறவைத்தால் மூட்டுகள் தளரும்.

பிறகு 70 சதவீத எத்தனால், கிடைக்காவிட்டால் 70 சதவீத ஐசோபுரொப்பைல். பின்னால் டி.என்.ஏ. பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு காலை மட்டும் பிய்த்து 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில் தனிக் குப்பியில் போடுங்கள். எல்லா வண்டிலும் ஒரே பக்கத்துக் காலாக இருக்கட்டும், மறுபக்கம் அளவுக்கு வேண்டும். எல்லா மாதிரியும் ஈரமாகவோ எல்லாம் உலர்ந்தோ இருக்க வேண்டும். உலரும்போது வயிறு சுருங்கும், கெட்டித் தகடுகள் அவ்வளவாகச் சுருங்காது. வயிற்றையும் சேர்த்து 'மொத்த நீளம்' எடுக்கவே கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குப்பிக்குள் போடும் சீட்டு கெட்டித் தாளில் பென்சிலால் எழுதியதாக இருக்கட்டும். பால்பாயிண்ட் மை ஒரே வாரத்தில் கரைந்து குப்பியை நீலமாக்கும். இடம், ஜி.பி.எஸ்., தேதி, பயிர், ரகம், பொறி, பிடித்தவர் எல்லாம் சீட்டில் வேண்டும். குறிப்பேட்டில் மட்டும் எழுதிவைத்தால் குறிப்பேடு தொலையும்.

ஆணா, பெண்ணா

அளப்பதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். கூன்வண்டுகளில் பெண்ணின் மூக்கு நீண்டு, ஒல்லியாய், வழவழப்பாய் இருக்கும். மூக்கால் துளை போட்டு முட்டையிடுவது அவள்தான். தானிய வண்டில் ஆணின் மூக்கு குட்டை, பருமன், சொரசொரப்பு. வாழைக் கிழங்குக் கூன்வண்டில் ஆணின் மூக்கில் குழிப்புள்ளிகள் உணர்கொம்பு முளைக்கும் இடத்தையும் தாண்டி முன்னே போகும், பெண்ணில் அந்த இடத்தோடு நிற்கும். தென்னைச் சிவப்புக் கூன்வண்டில் ஆணின் மூக்கு முதுகில் மயிர்க்கற்றை இருக்கும், அதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

பாலினம் பிரிக்காமல் மூக்கை அளந்தால் என்ன ஆகும்? ஓர் ஊர் மாதிரியில் பெண் 70 சதவீதம், இன்னோர் ஊரில் 40 சதவீதம் என்றிருந்தால், மூக்கு நீளத்தில் 'ஊர் வேறுபாடு' தானாக முளைக்கும். முதலில் பத்து வண்டை மூக்கைப் பார்த்துப் பிரித்து, அதே பத்தையும் வயிற்றைத் திறந்து சரிபாருங்கள். பத்துக்குப் பத்து வந்தபின் மற்றவற்றுக்குப் போங்கள்.

கருவியும் அளவு திருத்தமும்

வாழை, தென்னை வண்டுகளுக்கு 0.01 மி.மீ. காட்டும் டிஜிட்டல் வெர்னியர் போதும். அதன் நம்பகம் ஏறக்குறைய 0.02 மி.மீ.தான் என்பதை நினைவில் வைத்து, திரையில் கடைசி இலக்கத்தை நம்பிக் கோட்டை கட்டாதீர்கள். வெர்னியரின் தாடையை வண்டின் மேல் அழுத்தினால் முன்மார்புத் தகடு (தலைக்குப் பின்னுள்ள கெட்டி மூடி) சற்று அமுங்கும். தொட்ட கணத்தில் நிறுத்துங்கள்.

தானிய வண்டுக்கு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பும், கண்வில்லையில் அளவுகோல் தட்டும் வேண்டும். கண்வில்லைக் கோடுகளுக்கு மில்லிமீட்டர் தெரியாது. 1 மி.மீ.-ஐ நூறாகப் பிரித்த மேடைத் தகட்டை வைத்து ஒவ்வொரு பெருக்கத்துக்கும் தனியாகத் திருத்த வேண்டும். 40 மடங்கில் அந்த 1 மி.மீ. கண்வில்லையின் 40 கோட்டில் அடங்கினால் ஒரு கோடு 0.025 மி.மீ. பெருக்கக் குமிழைத் திருகி இடையில் எங்காவது நிறுத்திவிட்டு '40 மடங்கு' என்று எழுதுவது பரவலான தவறு. 'கிளிக்' என்று நிற்கும் இடத்தில் மட்டும் அளங்கள்.

இப்போது கவனியுங்கள். அரிசி வண்டின் மூக்கு அகலம் 0.2 மி.மீ. என்றால் அது எட்டே கோடு. அரைக் கோடு தப்பினால் பிழை 6 சதவீதத்துக்கு மேல். இரண்டு கூட்டத்துக்கு இடையில் நீங்கள் தேடும் வேறுபாடே அவ்வளவு இருக்காது. அகலங்களுக்குப் பெருக்கத்தைக் கூட்டுங்கள், அல்லது படமெடுத்துக் கணினியில் இமேஜ்-ஜே மென்பொருளில் அளங்கள். அது இலவசம். படத்தின் தெளிவு ஒரு மி.மீ.-க்கு 400 புள்ளியாவது வரட்டும்.

கைபேசியைக் கண்வில்லையில் பொருத்திப் படமெடுப்பது இப்போது எல்லோரும் செய்வதே. ஓரத்தில் பிம்பம் வளையும், நடு மூன்றில் ஒரு பங்கை மட்டும் பயன்படுத்துங்கள். மைக்ராஸ்கோப் இல்லாமல் நேரடியாகப் படமெடுத்தால் அளவுகோல் வண்டின் அளக்கும் பகுதியின் அதே உயரத்தில் இருக்க வேண்டும். லென்ஸ் 10 செ.மீ. மேலே, அளவுகோல் மேசையில், வண்டின் முதுகு 5 மி.மீ. உயரத்தில் என்றால் வண்டு 5 சதவீதம் பெரிதாகத் தெரியும். எல்லாப் படத்திலும் ஒரே அளவு பெரிதானால் பரவாயில்லை. ஆனால் பருத்த வண்டு இன்னும் மேலே நிற்பதால் அது இன்னும் பெரிதாகும்.

எதை, எங்கிருந்து எதுவரை

தானிய வண்டுக்கு எட்டு அளவு போதும். முன்மார்புத் தகட்டின் நடுக்கோட்டு நீளம், அதன் அதிகபட்ச அகலம், மேலிறக்கை நீளம் (இரு இறக்கையும் சேரும் கோட்டில் அடியிலிருந்து நுனி வரை), மேலிறக்கைத் தோளகலம், மூக்கு நீளம், உணர்கொம்பு முளைக்கும் இடத்தில் மூக்கின் அகலம், அந்த இடத்திலிருந்து மூக்கு நுனி வரை, பின்கால் கணைக்கால் நீளம். உடல் நீளம் வேண்டுமென்றால் முன்மார்புத் தகட்டு நீளத்தையும் மேலிறக்கை நீளத்தையும் கூட்டுங்கள். தலை முதல் வால் வரை ஒரே அளவாக எடுத்தால் மூக்கு மடங்கியது, வயிறு உப்பியது எல்லாம் அதில் சேரும்.

இவற்றில் வம்பு பிடித்தது மூக்கு நீளம். அது வளைந்தது. கண்ணின் முன்விளிம்பிலிருந்து நுனி வரை நேர்கோடாக எடுக்கலாம், வளைவோடு போகலாம். எது என்றாலும் ஒன்றையே கடைசி வரை பிடியுங்கள், பக்கவாட்டில் வைத்தே அளங்கள். மேலிருந்து பார்த்தால் மூக்கு கீழ்நோக்கிச் சாய்வதால் குறுகித் தெரியும். 10 பாகை சாய்ந்தால் 1.5 சதவீதம் குறையும், 20 பாகை சாய்ந்தால் 6 சதவீதம். சாய்வு கூடக் கூடப் பிழை பாய்ச்சலாகப் போகிறது பாருங்கள். மற்ற உறுப்புகளுக்கும் இதே கணக்கு. தட்டில் நுண்மணல் பரப்பி அதில் வண்டைப் பதித்துச் சமன்படுத்தலாம். கையில் தேய்க்கும் சானிட்டைசர் ஜெல் இன்னும் வசதி: வண்டு எந்தக் கோணத்தில் வைத்தாலும் நிற்கும், வேலை முடிந்ததும் ஸ்பிரிட்டில் கழுவினால் போய்விடும். முன்னோரமும் பின்னோரமும் ஒரே நேரத்தில் ஃபோகஸில் வந்தால் தகடு சமனாக இருக்கிறது என்று பொருள்.

அளக்கும் வரிசையும் முக்கியம். திங்கள் களக்காடு, வெள்ளி சேரன்மகாதேவி என்று அளந்தால், இடையில் உங்கள் கை பழகியதும் ஊர் வேறுபாடாகக் கணக்கில் ஏறும். எல்லாக் குப்பிக்கும் எண் போட்டுக் கலக்கி, எது எந்த ஊர் என்று தெரியாமல் அளங்கள்.

உங்கள் கையையே அளங்கள்

பலர் விட்டுவிடும் படி இது. முழு வேலைக்கு முன் பத்து வண்டை அளந்து, இரண்டு நாள் கழித்து, பழைய எண்ணைப் பார்க்காமல் அதே பத்தை மறுபடி நிறுத்தி, மறுபடி ஃபோகஸ் செய்து அளங்கள். ஒவ்வொரு வண்டிலும் இரு அளவின் வித்தியாசத்தை வர்க்கமாக்கிக் கூட்டி, வண்டு எண்ணிக்கையின் இருமடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். கூட்டுத்தொகை 0.0045 வந்தால் 20-ஆல் வகுத்தால் 0.000225, மூலம் 0.015 மி.மீ. மூக்கு நீளத்தின் சராசரி 0.95 மி.மீ. என்றால் பிழை 1.6 சதவீதம்.

3 சதவீதத்துக்குள் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 5-ஐத் தாண்டினால் அந்த அளவை விட்டுவிடுவது நல்லது, எவ்வளவு ஆசைப்பட்டு எடுத்ததாக இருந்தாலும். இரண்டு பேர் அளக்கப் போகிறீர்கள் என்றால் இந்தச் சோதனையை ஒருவருக்கொருவரும் செய்யுங்கள். பெரும்பாலும் ஒருவரே அளந்து மற்றவர் எழுதுவதுதான் சரியாக வரும்.

இனத்தை உறுதிசெய்ய ஒரு மணி நேரம்

மேலிறக்கையில் நான்கு செம்புள்ளி இருந்தால் அரிசி வண்டு என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். மக்காச்சோள வண்டுக்கும் அதே நான்கு புள்ளி உண்டு. பளிச்சென்று இருக்கிறதா, மங்கலா என்பது ஆளுக்கு ஆள் மாறும். அளவும் பாதி வழி வரைதான் வரும். முடிவு சொல்லுவது ஆண்குறிக் குழல்.

வெந்நீரில் ஊறிய ஆண் வண்டின் வயிற்றை இரண்டு நுண் ஊசியால் பிரித்து எடுத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இரவு முழுக்க விடுங்கள். அவசரமென்றால் குப்பியை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம். குப்பியை நேராக நெருப்பில் காட்டினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். காரத்தைத் தண்ணீரில் சேர்க்க வேண்டும், காரத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். சதை கரைந்ததும் ஒரு துளி வினிகர் கலந்த தண்ணீரில் கழுவி, கிளிசரினில் வைத்துப் பாருங்கள். குழலின் மேல்முதுகு வழவழவென்று ஒரே வளைவாக இருந்தால் அரிசி வண்டு. நீளவாக்கில் இரண்டு பள்ளக்கோடு ஓடினால் மக்காச்சோள வண்டு. கோடு தெரிய ஒளி பக்கவாட்டில் விழ வேண்டும். நேர் ஒளியில் எல்லாமே வழவழப்பாகத் தெரிந்து, எல்லாமே அரிசி வண்டாகிவிடும். பெண்ணில் உள்ளே கவட்டை வடிவத் தகடு ஒன்று இருக்கும். கவட்டையின் இரு முனையும் மழுங்கி உருண்டிருந்தால் அரிசி வண்டு, கூராகி விலகி நின்றால் மக்காச்சோள வண்டு.

இடத்துக்கு ஐந்து ஆணாவது இப்படிப் பாருங்கள். ஒரே சாக்கில் இரண்டும் கலந்திருப்பது சாதாரணம். அப்படியானால் அந்தச் சாக்கின் ஒவ்வொரு வண்டையும் திறந்து பார்த்தபின்தான் அளவுக்கே போகலாம்.

நிறத்தை நம்ப வேண்டாம் என்பதற்கு வாழைத் தோட்டமே சாட்சி. தண்டுக் கூன்வண்டில் கறுப்பும் செம்பழுப்பும் ஒரே தண்டில் சேர்ந்து கிடக்கும், இரண்டும் ஒரே இனம்தான். கிழங்குக் கூன்வண்டோ கூட்டிலிருந்து வெளிவந்த புதிதில் சிவப்பாக இருந்து பிறகு கறுக்கும். தென்னையின் சிவப்புக் கூன்வண்டையும் அதன் நெருங்கிய உறவான வல்னெரேட்டஸையும் 2004-இல் ஒரே இனம் என்று சேர்த்தார்கள். 2013-இல் டி.என்.ஏ. பார்த்து மறுபடி பிரித்தார்கள்.

உணவா, பிறப்பா: வளர்த்துப் பார்ப்பது

கூட்டங்களுக்கு இடையில் அளவு வேறுபாடு கண்டால் அடுத்து இதுதான். இதைச் செய்யாத ஒப்பீட்டை நம்புவதற்கில்லை.

ஒரே ரக அரிசி அல்லது மக்காச்சோளத்தை உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து, உள்ளே ஏற்கெனவே இருக்கும் முட்டை, புழுவைக் கொன்றுவிடுங்கள். வெளியே எடுத்து ஈரப்பதம் 13, 14 சதவீதத்துக்கு வரும்வரை பரப்பிவையுங்கள். மிகவும் உலர்ந்த தானியத்தில் வண்டு பெருகாது. 100 கிராம் வீதம் குப்பியில் போட்டு, குப்பிக்கு 20 வண்டு விட்டு, வாய்க்கு மெல்லிய துணி கட்டுங்கள். ஏழாம் நாள் தாய் வண்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள். 28 பாகைச் சூட்டில் ஐந்து வாரத்தில் புதியவை வெளிவரும். கூட்டத்துக்கு நான்கு குப்பியாவது வேண்டும், குப்பிகளை அலமாரியில் கலந்து வைக்க வேண்டும். மேல்தட்டு முழுக்க ஓர் ஊர், கீழ்த்தட்டு முழுக்க இன்னோர் ஊர் என்றால் மேல்தட்டுச் சூட்டைத்தான் அளப்பீர்கள்.

முதல் தலைமுறையை விட்டு இரண்டாம் தலைமுறையை அளங்கள். தாய் தின்ற தானியத்தின் சாயல் முதல் தலைமுறையில் தங்கக்கூடும். இரண்டாம் தலைமுறையிலும் வேறுபாடு நின்றால் அது பிறப்போடு வந்தது. மறைந்துவிட்டால் அது மணியின் கைவேலை. இரண்டுமே எழுதத் தகுந்த முடிவு. மறைந்ததை யாரும் எழுதுவதில்லை என்பதுதான் வருத்தம்.

வாழை வண்டை இப்படி வளர்ப்பது கஷ்டம், இடமும் வேண்டும், மாதமும் ஆகும். அதற்கு ஒரே ரகம், ஒரே மாதம் என்று களத்திலேயே கட்டுப்படுத்துவதுதான் நடைமுறை.

கணக்கு

பருமன் ஒன்று, வடிவம் ஒன்று. நாம் தேடுவது பெரும்பாலும் வடிவத்தை. ஒரு வண்டு: தகட்டு நீளம் 0.90, அகலம் 0.85, மேலிறக்கை 1.60, மூக்கு 0.80. நான்கையும் பெருக்கி நான்காம் மூலம் எடுத்தால் 0.995. அதுதான் அந்த வண்டின் பருமன். மூக்கை அதால் வகுத்தால் 0.804. இன்னொரு வண்டு எல்லாவற்றிலும் 1.25 மடங்கு பெரியது. பருமன் 1.243, மூக்கு 1.00, வகுத்தால் அதே 0.804. இரண்டும் ஒரே வார்ப்பு, சோறு மட்டும்தான் வேறு. மூன்றாவது வண்டுக்கு மற்றதெல்லாம் இரண்டாவதைப் போலவே இருந்து மூக்கு மட்டும் 1.10 என்றால் விகிதம் 0.864. இங்கே பேச விஷயம் இருக்கிறது.

ஆனால் பருமன் கூடும்போது மூக்கு அதே விகிதத்தில் கூட வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால் எல்லா அளவையும் மடக்கையாக்கி, பருமனுக்கு எதிராக மூக்கைப் புள்ளியிட்டு ஊருக்கு ஒரு கோடு போடுங்கள். முதலில் கோடுகளின் சாய்வு ஒன்றா என்று பாருங்கள். ஒன்றானால் மட்டும் எந்தக் கோடு உயரத்தில் இருக்கிறது என்று ஒப்பிடலாம். சாய்வே வேறென்றால் 'இந்த ஊரில் மூக்கு நீளம்' என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

எட்டு அளவையும் தனித்தனியாகச் சோதித்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே 'வேறுபாடு' காட்டிவிடும். தற்செயலாக வரும் வாய்ப்புக்கு வழக்கமாக வைக்கும் 0.05 என்ற வரம்பை எட்டால் வகுத்து 0.006-க்குக் கீழே வந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். முதன்மைக் கூறு பகுப்பாய்வில் (பல அளவுகளைச் சில அச்சுகளாகச் சுருக்கும் கணக்கு) முதல் அச்சில் எல்லா அளவும் ஒரே குறியோடு நின்றால் அது வெறும் பருமன். இரண்டாம், மூன்றாம் அச்சைப் பாருங்கள்.

அளவுகளை வைத்து வண்டு எந்தக் கூட்டம் என்று பிரிக்கும் பிரிப்புப் பகுப்பாய்வுதான் அதிகம் ஏமாற்றும். 15 வண்டுக்கு 20 அளவு கொடுத்தால் எந்த இரண்டு கூட்டத்தையும் அழகாகப் பிரித்துக் காட்டும், ஒரே சாக்கில் எடுத்த வண்டுகளைக்கூட. ஒவ்வொரு கூட்டத்திலும் அளவுகளின் எண்ணிக்கையைப் போல் மூன்று மடங்காவது வண்டு வேண்டும். ஒரு வண்டை ஒதுக்கி, மற்றவற்றால் விதி எழுதி, ஒதுக்கியதை எங்கே சேர்க்கிறது என்று பார்க்கும் முறையில் கிடைக்கும் சதவீதத்தை மட்டும் சொல்லுங்கள். ஊர்ப் பெயர்களைக் கலைத்துப்போட்டு மறுபடி ஓட்டுங்கள். கலைத்த பிறகும் 80 சதவீதம் 'சரி' என்று வந்தால் முன்பு வந்த 85-ஐக் கொண்டாட ஒன்றுமில்லை.

இன்னொரு மயக்கம்: சராசரிகள் வேறுபடுகின்றன என்பதும், ஒற்றை வண்டை எடுத்து ஊர் சொல்ல முடியும் என்பதும் ஒன்றல்ல. சராசரிகளுக்கு இடையே ஒரு திட்ட விலக்கம் இடைவெளி இருந்து, நடுவில் கோடு போட்டுப் பிரித்தால் நூற்றுக்கு 31 வண்டு தவறான பக்கம் விழும். நான்கு திட்ட விலக்கம் இருந்தால்தான் தவறு 2 சதவீதமளவுக்கு இறங்கும். கூட்டங்களுக்கு இடையில் அவ்வளவு இடைவெளி கிடைப்பது அபூர்வம்.

புள்ளிக்குறி முறை

நீளங்களுக்குப் பதிலாகப் படத்தில் குறிப்பிட்ட இடங்களைப் புள்ளியிட்டு வடிவத்தையே ஒப்பிடும் முறை இது. டிபிஎஸ்-டிக்கில் புள்ளி வைத்து, மார்ஃபோ-ஜே அல்லது ஆர் மொழியின் ஜியோமார்ஃப் தொகுப்பில் கணக்கிடலாம். எல்லாம் இலவசம். முன்மார்புத் தகட்டின் நான்கு மூலை, மேலிறக்கையின் தோள் முனைகள், நடுமுக்கோணத் தகட்டின் நுனி, இறக்கை சேரும் கோட்டின் கடைசி ஆகியவை எந்த வண்டிலும் ஐயமில்லாமல் கண்டுபிடிக்கக்கூடிய இடங்கள். 'அதிகபட்ச அகலம் உள்ள இடம்' போன்ற நழுவும் புள்ளிகளைத் தவிருங்கள். மென்பொருள் படங்களை நகர்த்தி, சுழற்றி, ஒரே பருமனாக்கி, மிச்சமிருக்கும் வடிவத்தை மட்டும் தரும். பருமனை நீக்கிய பிறகும் வடிவத்தில் பருமனின் சாயல் இருக்கும், ஆகவே முன் சொன்ன கோட்டுச் சோதனை இங்கேயும் தேவை. சாய்ந்து எடுத்த படம் இங்கே வெர்னியரைவிட அதிகம் கெடுக்கும். வண்டை மறுபடி நிறுத்தி இரண்டாம் முறை படமெடுத்துப் புள்ளியிடுவதை ஒரு பகுதி மாதிரிக்காவது செய்துவிடுங்கள். ஒரே படத்தில் இரண்டு முறை புள்ளி வைப்பது நிறுத்தும் பிழையைக் காட்டாது.

எழுதிவைக்க வேண்டியவை

முடிவில் சராசரியை மட்டும் தராதீர்கள். ஆண், பெண் தனியாக எண்ணிக்கை, சராசரி, திட்ட விலக்கம், குறைந்தது, அதிகம், அளவுப் பிழைச் சதவீதம், பெருக்கம், ஈரமா உலர்ந்ததா, என்ன தானியம் அல்லது ரகம் என்பதெல்லாம் வேண்டும். ஒவ்வொரு வண்டின் அளவும் உள்ள முழு அட்டவணையையும் சேர்த்து வையுங்கள். அளந்த வண்டுகளைக் கொட்டிவிடாமல் எண்ணோடு குப்பியிலேயே வைத்திருங்கள். ஆண்குறிக் குழலைக் கிளிசரின் விட்ட சிறு குழாயில் அதே எண்ணோடு வண்டின் அருகிலேயே வையுங்கள். இனத்தில் ஐயமிருந்தால் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியின் பூச்சியியல் துறை போன்ற இடத்துக்கு எடுத்துப்போகும்போது படத்தை மட்டும் கொண்டுபோகாமல் குப்பியையும் சீட்டையும் கொண்டுபோங்கள். ஸ்பிரிட் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறைந்திருக்கும், மேலே ஊற்றி நிரப்புங்கள். நெல்லைச் சித்திரை வெயிலில் அதற்கு முன்பேகூட.